டவுன் செத்துப்போச்சாம்

போன சனிக்கிழமை மசாலா வாங்க தென்னாப்பிரிக்காவுல எங்க டர்பன் டவுன்ல இருக்கிற கிரே ஸ்ட்ரீட் போனோம், போர்டுல டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்னு இருந்தாலும் எங்க வீட்டுல இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். மாடியில பாதி ஆபீஸ் காலி. எல்லாம் ஊருக்கு வடக்க இருக்கிற உம்ஷ்லாங்கா பக்கம் போயாச்சுல்ல. கூட வந்த மச்சான் சட்டுனு, "டர்பன் இன்னொரு டெட்ராய்ட்தான்டா"ன்னான்.

எனக்கு அது சரியா படல. அமெரிக்காவோட கார் ஊரான டெட்ராய்ட்ல 1950ல 18.5 லட்சம் பேர் இருந்தாங்க, 2020ல 6.4 லட்சம் கூட இல்ல. கேட்டா எல்லாரும் 1967 கலவரம்பாங்க, இல்லன்னா ஜப்பான் கார். ஆனா ஜனம் குறைய ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியே, பேக்கார்ட் கார் ஃபேக்டரிய 50கள்லயே மூடியாச்சு, மத்த கம்பெனிங்களும் ஒரே தளத்துல நீளமா ஃபேக்டரி கட்ட இடம் வேணும்னு ஊருக்கு வெளிய போயிட்டே இருந்தாங்க. வீட்டு லோன் கதை இன்னும் மோசம். 1934லேர்ந்து கவர்மெண்டே லோனுக்கு கேரண்டி கொடுத்துச்சு, ஆனா கறுப்பின மக்கள் இருக்கிற ஏரியான்னா கிடையாது. 1941ல ஒரு பில்டர், வெள்ளைக்காரங்களுக்குக் கட்டுற வீட்டுக்கு அந்த கேரண்டி கிடைக்கணும்னு பக்கத்துல இருந்த கறுப்பின மக்கள் தெருவ மறைச்சு 6 அடி உயரத்துக்கு அரை மைல் நீளம் சுவரே எழுப்பிட்டான், அது இன்னும் நிக்குது! எங்க ஆயாவ டர்பன் டவுன் பக்கத்துல இருந்த மேகசின் பாரக்ஸ்லேர்ந்து இந்தியர்களுக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினப்போ இங்க சட்டம் வெளிப்படையா இனத்தைச் சொல்லிச்சு, அங்க அதே வேலைய லோன் பேப்பர் பண்ணுச்சு.

மச்சான் கோட்டை விட்ட இடம் ஒண்ணு இருக்கு. உம்ஷ்லாங்கா போன ஆபீஸ் கட்டுற ரேட்ஸும் (சொத்து வரி) 2000லேர்ந்து டர்பனோட அதே மாநகராட்சிக்குத்தான் வருது. டெட்ராய்ட்ல வடக்கு எல்லையான எயிட் மைல் ரோட்ட தாண்டினா வேற ஊரு, வேற ஸ்கூல் போர்டு, வீட்டு வரியும் அவங்களுக்கே. மிச்சம் இருக்கிறவன் தலையில வரி ஏறும், முடிஞ்சவன் அவனும் கிளம்பிடுவான், தெருவிளக்கும் பைப்பும் பழைய ஜனத்தொகைக்குப் போட்டது, பென்ஷன் வேற. 2013ல சுமார் 1800 கோடி டாலர் கடன்ல ஊரே திவால்.

அப்படித் தாண்டிப் போனவங்களும் தப்பிக்கல. டவுன்ல பெரிய கடை வச்சிருந்த ஹட்சன்ஸ்காரங்களே 1954ல எயிட் மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சவுத்ஃபீல்டுல நார்த்லேண்டுன்னு மால் கட்டினாங்க, 1983ல டவுன் கடைய மூடினாங்க, 2015ல அந்த மாலும் மூடியாச்சு. இதச் சொன்னதும் மச்சான் உம்ஷ்லாங்காவுல இருக்கிற கேட்வே மாலுக்குப் போகலாமான்னு கேக்க வந்தவன் பேச்ச மாத்திட்டான்.