மெரிட்டன் நடன விழாவும் டார்சியின் ஒரு வாக்கியமும்

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவல் 1813 ஜனவரியில் வெளிவந்தது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில், ஹர்ட்ஃபோர்ட்ஷயரின் சிற்றூரான மெரிட்டனில் நடக்கும் நடன விழாவை ஆசிரியர் சில பக்கங்களிலேயே முடித்துவிடுகிறார். மண்டபத்தின் தோற்றத்தையோ, வந்தவர்கள் உடுத்தியிருந்ததையோ அவர் விரித்துச் சொல்வதில்லை. ஆனாலும் நாயகி எலிசபெத்துக்கும் செல்வந்தனான நாயகன் டார்சிக்கும் இடையே பின்னர் மூளும் பூசல்களின் வேர் அந்த ஒரு மாலையில்தான் இருக்கிறது என்பது, இந்நாவலை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உறுதிப்படும் எண்ணம்.

அது ஒரு வீட்டில் நடந்த விருந்தன்று, ஊர்ப் பொது நடனம். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் எல்லாம் கூடும் இடத்தில் புதிதாக ஒருவர் நுழைந்தால், ஊரே அவரை எடை போட்டுவிடும். டார்சி உள்ளே வந்த ஐந்து நிமிடத்திற்குள் அவனுக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் என்ற செய்தி பரவுகிறது. பாதி மாலை வரை அவனை எல்லோரும் வியந்து பார்க்கிறார்கள். தன்னுடன் வந்த இரு பெண்களைத் தவிர வேறு எவருடனும் அவன் ஆட மறுக்கிறான் என்று தெரிந்ததும், டெர்பிஷயரில் இருக்கும் அவ்வளவு பெரிய எஸ்டேட்டாலும் அவனது நற்பெயரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆண்கள் குறைவாக வந்திருந்ததால் எலிசபெத் இரண்டு நடனங்களுக்கு உட்கார்ந்திருக்க நேர்கிறது. அவளுக்குக் காதில் விழும் தொலைவில் டார்சி நிற்கிறான். அவனுடைய நண்பன் பிங்லி ஆட்டத்தை விட்டு வந்து அவனை ஆடச் சொல்லி வற்புறுத்துகிறான். எலிசபெத்தைச் சுட்டிக்காட்டி, தன்னுடன் ஆடும் அவளுடைய அக்காவிடம் சொல்லி அறிமுகம் செய்துவைப்பதாகவும் கூறுகிறான். டார்சி திரும்பி அவளைப் பார்க்கிறான், அவள் கண்ணைச் சந்தித்ததும் பார்வையை விலக்கிக்கொள்கிறான், பிறகுதான் அவள் சுமாராக இருக்கிறாள், தன்னை ஈர்க்கும் அளவுக்கு அழகில்லை என்கிறான். மற்ற ஆண்கள் ஒதுக்கிய பெண்ணுக்கு மதிப்புத் தேடிக் கொடுக்கும் மனநிலையில் தான் இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறான். முதற்பகுதியை விட இந்தப் பிற்பகுதியே எனக்குக் கொடியதாகப் படுகிறது, ஏனெனில் ஆள் பற்றாக்குறையால் உட்கார்ந்தவளை அது வேண்டாதவளாக்கிவிடுகிறது.

எலிசபெத் அழவில்லை. அதைத் தோழிகளிடம் உற்சாகமாகச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் சிரித்துச் சொல்லச் சொல்ல அந்த அவமதிப்பு ஒரு கதையாக இறுகி, டார்சி இன்னான் என்ற தீர்ப்பாகவே மாறிவிடுகிறது. தன் பெருமையை அவன் புண்படுத்தாமல் இருந்திருந்தால் அவனுடைய பெருமையை எளிதில் மன்னித்திருப்பேன் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். பிறகு, டார்சி தனக்கு அநீதி இழைத்ததாகப் பொய் சொல்லப்போகும் இளம் ராணுவ அதிகாரி விக்கம் வந்து அவனைப் பற்றி நாசூக்காக விசாரிக்கும்போது, ஹர்ட்ஃபோர்ட்ஷயரில் அவனை யாருக்கும் பிடிக்காது, அவனுடைய கர்வத்தால் எல்லோரும் வெறுத்துப்போயிருக்கிறார்கள் என்று தானாகவே சொல்லிவிடுகிறாள். மெரிட்டன் அளித்த தீர்ப்பே அவள் வாயிலிருந்து வருகிறது; விக்கமின் பொய்க்கு வேண்டிய களம் அங்கேயே தயாராகிவிடுகிறது.

அந்த மாலைக்கு நேரடியாகக் கணக்குக் கேட்கப்படுவது டார்சியின் உறவினரான லேடி கேத்தரினின் மாளிகை ரோசிங்ஸில், எலிசபெத் பியானோ முன் அமர்ந்திருக்கும் காட்சியில். ஆண்கள் குறைவாக இருந்தும் டார்சி நான்கு நடனங்களே ஆடினான் என்று அவள் டார்சியின் உறவினன் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமிடம் புகார் சொல்கிறாள். ஒரு ஜோடி சேர்ந்தால் இரண்டு நடனங்கள் ஆடுவது அக்கால வழக்கம் என்பதால், இரண்டு பெண்களோடு ஆடியவனுக்கு நான்கு என்பது சரியான கணக்கு. எத்தனை கவனமாக அவள் அதை நினைவில் வைத்திருக்கிறாள் என்பதும் அதில் தெரிகிறது. அங்கே தனக்கு வேறு எந்தப் பெண்ணையும் தெரியாது என்று டார்சி சமாதானம் சொல்கிறான். நடன மண்டபத்தில் யாரையும் அறிமுகப்படுத்தவே முடியாது போலும் என்கிறாள் எலிசபெத். பிங்லி அறிமுகம் செய்துவைக்க முன்வந்ததையும் டார்சி மறுத்ததையும் தன் காதால் கேட்டவள் அவள் என்பதை நினைவில் கொண்டு வாசித்தால், அந்தப் பதிலின் கூர்மை இரட்டிப்பாகிறது.

அறிமுகம் தேடியிருந்தால் நன்றாக இருந்திருக்கலாம் என்று டார்சி அங்கே முதன்முறையாக ஏற்றுக்கொள்கிறான். அதன்பின் சில நாட்களிலேயே திருமணம் கேட்டு வருகிறவனிடம், ஏறக்குறைய பழகத் தொடங்கிய முதல் கணத்திலிருந்தே உங்கள் நடத்தை உங்கள் ஆணவத்தை எனக்குக் காட்டிவிட்டது என்று எலிசபெத் சொல்லும்போது, மெரிட்டனின் பெயரைக் கூட அவள் எடுக்கத் தேவைப்படவில்லை.