லிங்கனுக்காக மழையில் நின்றவர்கள்

வாஷிங்டனில் மெட்ரோ சென்டர் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு பத்தாவது தெருவுக்கு நடந்தேன். ஃபோர்டு தியேட்டர் வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒன்பது மணிக்கான டிக்கெட் முன்பே வாங்கி வைத்திருந்ததால் அவர்களோடு சேர்ந்தே உள்ளே போனேன்.

1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி இரவு, ஆபிரகாம் லிங்கன் இந்த அரங்கில்தான் சுடப்பட்டார். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தளபதி லீ சரணடைந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. ஊரே விளக்கேற்றிக் கொண்டாடிக்கொண்டிருந்த வாரம் அது. லிங்கன் உட்கார்ந்திருந்த பால்கனி பாக்ஸில் இன்று யாரையும் உட்கார வைப்பதில்லை. கொடிகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஜார்ஜ் வாஷிங்டன் படத்தை மாட்டி, அன்றிருந்தது போலவே வைத்திருக்கிறார்கள். சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நடிகன். நாடகத்தில் எந்த வசனத்துக்குச் சிரிப்பு வெடிக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் துப்பாக்கிச் சத்தம் அமுங்கட்டும் என்று காத்திருந்து சுட்டான். கீழ்த்தள அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் துப்பாக்கி இருக்கிறது. ஒரே ஒரு குண்டு போடலாம். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என் பக்கத்தில் நின்ற சிறுமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நகர்ந்து போனாள்.

தெருவைக் கடந்தால் பீட்டர்சன் வீடு, ஒரு தையல்காரருடையது. குண்டடி பட்டவரை இங்கேதான் தூக்கி வந்தார்கள். பின்கட்டு அறை மிகச் சிறியது. ஆறடி நான்கு அங்குல மனிதருக்குக் கட்டில் நீளம் போதாமல் குறுக்காகக் கிடத்தியிருக்கிறார்கள். மறுநாள் காலை 7.22க்கு உயிர் பிரிந்தது. இப்போது அங்கிருப்பது அசல் கட்டில் அல்ல, அது சிகாகோவில் இருக்கிறது. ஆனாலும் அந்த வாசற்படியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த கட்டடத்தில் ஒரு புத்தகக் கோபுரம். லிங்கனைப் பற்றி இதுவரை 15,000க்கும் மேற்பட்ட நூல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சுமார் 6,800 நூல்களின் மாதிரிகளை அலுமினியத்தில் செய்து, 34 அடி உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். படிக்கட்டு அதைச் சுற்றியே இறங்குகிறது.

இந்தப் பயணத்துக்கு என்னை இழுத்து வந்தவர் வால்ட் விட்மன். போர்க்காலத்தில் வாஷிங்டன் மருத்துவமனைகளில் காயம்பட்ட சிப்பாய்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கடிதம் எழுதிக் கொடுத்து, பழமும் புகையிலையும் வாங்கிக் கொடுத்த கவிஞர். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய வரிகளை டுபான்ட் சர்க்கிள் மெட்ரோ நிலையத்தின் வடக்கு வாசல் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் மாலை அவற்றைப் படித்துவிட்டுத்தான் அறைக்குத் திரும்பினேன். லிங்கன் தெருவில் போவதை அவர் அடிக்கடி பார்த்திருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் தலைவணங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

கொலை நடந்த அன்று விட்மன் புரூக்ளினில் தாயார் வீட்டில் இருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு என்னை விட்டுப் போகவே இல்லை. அம்மா வழக்கம்போல் சமைத்தாள், இருவருமே ஒரு வாய் சாப்பிடவில்லை, ஆளுக்கு அரைக் கோப்பை காப்பி குடித்ததோடு சரி. செய்தித்தாள்களை வாங்கி வாங்கி ஒருவருக்கொருவர் பேசாமல் கைமாற்றிக்கொண்டார்கள். அழுதோம் என்ற சொல்லே அதில் இல்லை.

அந்த வீட்டு வாசலில் லைலாக் பூத்திருந்தது. அதிலிருந்து பிறந்த நெடுங்கவிதை ஆங்கிலத்தின் மிகப் பெரிய கையறுநிலைப் பாடல்களில் ஒன்று. அதில் லிங்கனின் பெயர் ஓரிடத்திலும் வராது. ஒரு பூ, மேற்கே சாயும் ஒரு விண்மீன், சதுப்பில் மறைந்து பாடும் ஒரு பறவை, ஊர் ஊராகப் போகும் ஒரு சவப்பெட்டி. ஆனால் மக்கள் மனப்பாடம் செய்ததோ, லிங்கனைக் கப்பலின் கேப்டனாக விளித்து எதுகை மோனையோடு அழும் அந்தச் சிறிய பாட்டை. போகும் இடமெல்லாம் அதையே கேட்டார்கள். அதை ஏன்தான் எழுதினேனோ என்று விட்மனே பின்னாளில் சலித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு லைலாக் பாட்டுதான் உயிர். ஆனால் துக்க நேரத்தில் கூடிநின்று சொல்ல ஜனங்களுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதியம் வெள்ளை மாளிகைக்கு நடந்தேன். வேலிக்கு இப்பால் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்க வந்தது அந்த நடைபாதையை. 1865 ஏப்ரல் 15 காலை, கடற்படை அமைச்சர் கிடியன் வெல்ஸ் இங்கே வந்தபோது சில நூறு கறுப்பின மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மழையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். குளிரும் ஈரமுமான அந்த நாள் முழுவதும் கூட்டம் குறையவில்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். இனித் தங்கள் கதி என்ன என்று தெரியாத அவர்களின் அழுகை, கிட்டத்தட்ட வேறெதையும்விடத் தம்மை உலுக்கியது என்கிறார். அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் சட்டத்திருத்தம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. அன்று அந்தப் பெண்கள் இழந்தது ஒரு தலைவரை மட்டுமா? கையில் இருந்த விடுதலையே நிலைக்குமா என்று தெரியாமல் நின்றார்கள்.

காலையில் பார்த்த கோபுரம் நினைவுக்கு வந்தது. அத்தனை புத்தகங்கள், இவர்களில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. லிங்கனின் உடல் ரயிலில் நியூயார்க் வந்தபோது கறுப்பின மக்கள் ஊர்வலத்தில் வரக்கூடாது என்று நகரசபை தடுத்தது. வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்த பிறகுதான் கடைசி வரிசையில் நடக்க விட்டார்கள்.

மெக்பர்சன் சதுக்கத்தில் மெட்ரோ ஏறி, ஈஸ்டர்ன் மார்க்கெட்டில் இறங்கி, லிங்கன் பூங்காவுக்கு நடந்தேன். நனைந்த பெஞ்சுகள், நாயோடு வந்த ஒரு முதியவர், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. நடுவே வெண்கலச் சிலை: லிங்கன் நின்றுகொண்டு கையை நீட்டியிருக்க, கீழே விலங்கு அறுந்த ஒரு கறுப்பர் முழந்தாளிட்டிருக்கிறார். பணம் முழுக்க விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கொடுத்தது. வடிவத்தை முடிவு செய்தவர்கள் வெள்ளையர்கள்.

1876 ஏப்ரல் 14 அன்று இதன் திறப்பு விழாவில் பேசியவர் பிரெடெரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். ஜனாதிபதி கிராண்ட் முன்னிலையிலேயே, வெள்ளையரைப் பார்த்து, நீங்கள் லிங்கனின் பிள்ளைகள், நாங்கள் அதிகம் போனால் சுவீகாரப் பிள்ளைகள் என்றார். அடிமை ஒழிப்புக்காரரின் கண்ணுக்கு லிங்கன் மந்தமானவர், நாட்டின் மனநிலையோடு வைத்துப் பார்த்தால் வேகமானவர் என்றும் அதே மூச்சில் சொன்னார். சில நாள் கழித்துப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், மண்டியிடாமல் காலூன்றி நிற்கும் ஒரு கறுப்பரின் சிலையைச் சாவதற்குள் பார்க்க வேண்டும் என்றார். இறந்தவரைப் பற்றி இவ்வளவு நேர்மையாகவும் இவ்வளவு நன்றியோடும் பேசிய இரங்கலுரை வேறொன்றை நான் படித்ததில்லை.

1974இல் எதிர்முனையில் மேரி மெக்லியாட் பெத்யூனுக்குச் சிலை வைத்தபோது லிங்கன் சிலையைத் திருப்பி, அவரைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். கல்வியாளரான அந்தக் கறுப்பினப் பெண்மணி நிமிர்ந்து நின்று இரண்டு பிள்ளைகளிடம் எதையோ கொடுக்கிறார்.

திரும்பும் முன் லிங்கன் சிலையின் பீடத்தில் உள்ள பலகையைக் குனிந்து படித்தேன். மழைநீர் எழுத்துகளில் தேங்கியிருந்ததால் கைக்குட்டையால் ஒற்றியெடுக்க வேண்டியிருந்தது. முதல் நன்கொடை ஐந்து டாலர். கொடுத்தவர் சார்லட் ஸ்காட், வர்ஜீனியாவைச் சேர்ந்தவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். லிங்கன் இறந்த செய்தி கேட்ட அன்றே நினைவுச் சின்னம் எழுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விடுதலைக்குப் பின் அவர் சம்பாதித்த முதல் காசு அது.