பாம்பன் அக்கா சொன்ன ஒரு வாக்கியம்

செவிலியர் ஆய்வில் முதல் அடி வைக்கும் தங்கைகளுக்கு.

பாம்பனில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர், "காலில் புண் இருந்தாலும் கடலில் இறங்கினால் மறந்துவிடும்" என்றார். நான் உடனே பேட்டிக் குறிப்பின் ஓரத்தில் 'அலட்சியம்' என்று குறித்துவிட்டேன். அது அவர் அனுபவம் அல்ல. வார்டு எனக்குப் பழக்கிய தீர்ப்பு. அனுபவத்தை அனுபவித்தவர் பார்வையிலேயே ஆராயும் நிகழ்வியலைத் தொடங்கிய தத்துவவாதி ஹுசர்ல் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவைக்கச் சொன்னது இப்படிப்பட்ட முன்முடிவுகளைத்தான்.

ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பேச்சு நின்ற இடமும் தரவுதான்.

இத்தகைய பேட்டிகளை ஆராய உளவியலாளர் கோலைஸி 1978இல் வகுத்த 7 படிகளில் கருப்பொருள் பிரிக்கவே எல்லோரும் பறக்கிறோம். கடைசிப் படியைத் தயவுசெய்து விடாதீர்கள்: எழுதியதை எடுத்துக்கொண்டு பேட்டி தந்தவரிடமே திரும்பிப் போக வேண்டும். நான் போனேன். அக்கா சொன்னார்:

"வலிக்காது என்றா சொன்னேன்? வலியைப் பார்த்தால் அடுப்பு எரியாது, தாயி."

அன்றிரவே அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன்.