படலைக்கு வெளியில் நின்று கூப்பிடுங்கள்

கார்த்திகை மழை தொடங்கினால் எங்கள் பக்கம் நுளம்பு பெருகும், பின்னாலேயே டெங்குப் பயமும் வரும். ஊர்ச் சங்கம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்ப்பது நல்ல காரியம்தான், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பக்கத்து வளவு அக்கா வீட்டில் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சங்கத்து ஆட்கள் மூன்று பேர், மூவரும் ஆண்கள், காலை பத்து மணிபோலப் படலையைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போயிருக்கிறார்கள். அக்கா கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றார். கிணற்றைச் சுற்றிக் கிடுகு மறைப்பு இருக்கிறது, ஆனால் மழைக்கு ஒரு பக்கம் சாய்ந்துபோய்க் கிடந்தது. பேச்சுச் சத்தம் கேட்டதும் அவர் ஈரத் துவாயைப் போர்த்துக்கொண்டு தொட்டிக் கட்டுக்குப் பின்னால் குந்திவிட்டார். இவர்கள் மலசலகூடம், குசினிக் கோடி, கொடியில் காய்ந்த உடுப்புகள், விறாந்தையில் இருந்த பூச்சாடி என்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்னேரம் அத்தனை படமும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது.

பூச்சாடிக்குப் பின்னால், சுவரில், அக்காவின் மகனுடைய படம். 2009 இல் காணாமல்போன பிள்ளை. அந்தப் படத்துக்கு அவர் மாலை போடமாட்டார், சந்தனப் பொட்டும் வைக்கமாட்டார், தினமும் துணியால் துடைத்து மட்டும் விடுவார். அதைப் பார்த்த யாரோ ஒருவர், "இவ்வளவு வருஷமாச்சு, இன்னும் மாலை போடேல்லையோ" என்று குழுவில் எழுதியிருந்தார். மகளின் போனில் அக்கா அதை வாசித்தார்.

சங்கப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். "எங்கட சனம்தானே தம்பி, இதில என்ன ஒளிப்பு மறைப்பு?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்குக் கூடுதல் கவலை. யோசித்துப் பார்த்தால் வன்னியில் எங்களுக்குப் பழக்கப்பட்டதே இதுதான். போர் முடிந்து இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் யார் வந்தாலும் தடுக்க முடிந்ததா? மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் வந்து பார்க்கவேண்டும். காசு சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது நியாயம்தான், ஆனால் வருகிற எவருக்கும் வீட்டைத் திறந்து காட்டுவது எங்கள் கையில் ஊறிப்போய்விட்டது, உதவி வாங்கின வீட்டுக்கு வாசல் கிடையாது என்று நாங்களே நம்பத் தொடங்கிவிட்டோம்.

எல்லாக் காலமும் எங்கள் ஆட்கள் பேசாமல் இருந்ததும் இல்லை. 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடுகளைப் பதிவு செய்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்பிமார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், பதிவை நிறுத்துவதாக அங்கே அரச தரப்பு உறுதி கொடுத்தது. இராணுவத்திடம் கேட்ட அதே கேள்வியை எங்கள் சங்கத்திடம் கேட்கக்கூடாதா?

சட்டம் என்று பார்த்தால், பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வளவுக்குள் வந்து நுளம்புக் குடம்பி தேடுவதற்கு 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் உண்டு. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கம் தனி உரிமையாக எழுதப்படவில்லை, 2022 இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆகவே இப்போதைக்கு எங்களுக்குள் நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்ணா கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கொண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அங்கும் குடியிருப்பாளர் நிர்வாகம் வீட்டுக்குள் வந்து பார்க்கும், புகை அலாரம் வேலை செய்கிறதா, குழாய் ஒழுகுகிறதா என்று. ஆனால் ஒன்ராறியோவின் 1998 ஆம் ஆண்டுக் கொண்டோச் சட்டத்தின் 19 ஆம் பிரிவுப்படி நியாயமான முன்னறிவித்தல் கொடுத்து, நியாயமான நேரத்தில், தங்கள் கடமைக்காக மட்டுமே வரலாம். எந்த நாள், எத்தனை மணி, என்ன வேலைக்கு என்று கதவில் துண்டு ஒட்டிவிட்டுத்தான் வருவார்களாம். அந்தத் துண்டை எங்கள் ஊரில் எழுத ஒரு பேப்பரும் பேனையும் போதும்.

கடைசிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள், பெண்கள் தனியே இருக்கும் வீடென்றால் மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், படலைக்கு வெளியில் நின்று கூப்பிடுங்கள். படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் குடம்பி கிடந்த சிரட்டையை மட்டும் எடுத்து பிஎச்ஐக்கு அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். முதல் மூன்றுக்கும் தலையாட்டினார்கள். படத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டார்கள், நான் விடப்போவதில்லை.

குழுவில் இருந்து அந்தப் படங்களை அழித்துவிட்டார்கள், எத்தனை பேருடைய போனில் இன்னும் கிடக்கிறதோ. நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். கிடுகு மறைப்பைப் புதிதாகக் கட்டியிருந்தார். விறாந்தைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது, மகனின் படத்தை உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டார்.