மோஷன் கிராபிக்ஸுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? முதலில் உங்கள் புராஜெக்ட்டைத் திறந்து அளந்து பாருங்கள்

மோஷன் கிராபிக்ஸ் படிப்பவர்களும் புதிதாக ஃப்ரீலான்ஸ் வேலைக்கு இறங்குபவர்களும் எடுத்தவுடன் கேட்பது, "இந்த பட்ஜெட்டுக்கு எந்த கார்டு நல்லது?" என்றுதான். உங்கள் வேலை எந்த மென்பொருளில் நடக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து அனிமேஷன், ஷேப் லேயர், லோகோ அசைவு செய்பவருக்கும், பிளெண்டரிலோ சினிமா 4டியிலோ ரெண்டர் எடுப்பவருக்கும் தேவை வேறு வேறு.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மட்டும்தான் என்றால், பெரும்பாலும் உங்களுக்கு முதலில் வேண்டியது கார்டு அல்ல, ரேம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3840 × 2160 அளவுள்ள ஒரு ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். 16 பிட் புராஜெக்டில் ஒரு பிக்சலுக்கு 8 பைட். ஆக, ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 66 எம்பி. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 10 நொடி பிரிவியூவை ரேமில் வைக்கவே 16.5 ஜிபி வேண்டும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் எவ்வளவு விலை உயர்ந்த கார்டைச் செருகினாலும் இந்த பிரிவியூ முழுதாக ரேமில் அடங்காது. 2022 பதிப்பிலிருந்து வந்த மல்டி ஃப்ரேம் ரெண்டரிங், பிராசசரின் பல கோர்களில் ஒரே நேரத்தில் பல ஃப்ரேம்களை எடுப்பதால் ரேம் இன்னும் வேகமாக நிரம்பும். 32 ஜிபி இல்லாதவர்கள் அதை முதலில் முடியுங்கள்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். உங்களிடம் உள்ள கனமான புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, டைம்லைனின் கீழ் இடது மூலையில் இருக்கும் நத்தை ஐகானை அழுத்துங்கள். ஒவ்வொரு லேயரும் எஃபெக்டும் ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று தனி வரிசையில் தெரியும். நேரத்தைத் தின்னும் எஃபெக்டின் பெயரை எஃபெக்ட்ஸ் அண்ட் பிரீசெட்ஸ் பேனலில் தேடினால், அது ஜிபியூவில், அதாவது கார்டின் சிப்பில், ஓடக்கூடியதா என்பதைப் பக்கத்தில் உள்ள குறியே சொல்லிவிடும். காஸியன் பிளர், லுமெட்ரி கலர், ஃபிராக்டல் நாய்ஸ் போன்றவை ஜிபியூவில் ஓடும். நேரத்தை இழுப்பது அப்படி ஜிபியூவில் ஓடுபவையாக இல்லாவிட்டால் புது கார்டால் பெரிய மாற்றம் வராது. கூடவே ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, ரெண்டர் நடக்கும்போது ஜிபியூ லோடு எவ்வளவு, கார்டின் மெமரியில் எவ்வளவு நிரம்புகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரில் கண்ணில் படும் 3டி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம்; கூடா (CUDA) என்ற என்விடியா தொழில்நுட்பத்தில் ஓடும் கணக்கு வேலை அதில் சரியாகத் தெரியாது.

3டிக்கு வந்தால் கதை தலைகீழ். ரெட்ஷிஃப்ட், ஆக்டேன், பிளெண்டரின் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரர்களை (ரெண்டர் எடுக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலும் கார்டில்தான் ஓட்டுகிறார்கள். அங்கே வேகத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது விரேம், அதாவது கார்டிலேயே உள்ள மெமரி. 8கே டெக்ஸ்சர் (3டி பொருளின் மேற்பரப்பில் போர்த்தும் படம்) ஒன்று, 8192 × 8192 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால் 268 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு இப்படி நான்கு படங்கள் (மேப்) என்றால் 1 ஜிபியைத் தாண்டும். அப்படி ஆறு மெட்டீரியல் போட்டால், ஜியோமெட்ரி சேரும் முன்பே 8 ஜிபி கார்டு திணறத் தொடங்கும். நிரம்பியபின், ரெண்டரரைப் பொறுத்து, பிழை காட்டி நின்றுவிடும், அல்லது கணினியின் ரேமை இரவல் வாங்கிக்கொண்டு ஊர்ந்து போகும். கார்டு மெதுவானதாக இருந்தால் காத்திருந்தாவது ரெண்டர் எடுத்துவிடலாம். விரேம் போதாவிட்டால் சில சமயம் எடுக்கவே முடியாது. பின்னணியில் தூரத்தில் நிற்கும் பொருள்களுக்கு 4கே டெக்ஸ்சரே போதும், மெமரி கால்வாசியாகக் குறையும். பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து பார்ப்பது அவசியம். இரண்டு கார்டு போட்டால் விரேம் கூடிவிடும் என்ற எண்ணமும் தவறு. வழக்கமாக ஒவ்வொரு கார்டும் காட்சியைத் தனித்தனியாக ஏற்றிக்கொள்ளும்.

எந்த நிறுவனத்தின் சிப் என்பதையும் ரெண்டரரே முடிவு செய்யும். விண்டோஸில் ஆக்டேனுக்கு என்விடியா கட்டாயம். ரெட்ஷிஃப்டும் சைக்கிள்ஸும் ஏஎம்டியில் ஓடும் என்றாலும், சைக்கிள்ஸ் ஆப்டிக்ஸ் என்ற என்விடியா மென்பொருள் வழியாக அந்நிறுவனத்தின் ஆர்டி கோர்களை (ஒளிக்கதிர் கணக்குக்கென்றே உள்ள சிப் பகுதிகள்) நன்றாகப் பயன்படுத்துகிறது. படித்து முடித்தபின் எந்த ஸ்டூடியோவில் எதைக் கையில் கொடுப்பார்கள் என்று தெரியாத மாணவருக்கு என்விடியாவே பாதுகாப்பான தேர்வு.

ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கார்டிலிருந்து மேலே போக நினைப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060ஐவிட 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பொருத்தம். கேமில் 4060 முந்தும், மின்சாரமும் 115 வாட்தான் இழுக்கும். ஆனாலும் 3டி காட்சி வளர வளர 12 ஜிபிதான் கைகொடுக்கும். கொஞ்சம் கூடுதலாகப் பணம் போட முடிந்தால் 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ அல்லது 5060 டிஐ. இங்கே ஓர் எச்சரிக்கை: 3060, 4060 டிஐ, 5060 டிஐ மூன்றும் அதே பெயரில் 8 ஜிபியிலும் வந்துள்ளன. பில்லிலும் பெட்டியிலும் ஜிபி எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. 1650இன் பல மாடல்கள் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடுபவை, தனி பவர் கேபிளே கிடையாது. 3060 கேட்பது 170 வாட். அதனால் 8 பின் கேபிள் வேண்டும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கேபிள் இல்லையென்று சாட்டா பவரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரைப் போடுவது ஆபத்து. சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 8 பின் வழியாகப் போகக்கூடியது 150 வாட். பிளாஸ்டிக் உருகுவதற்கு அதுவே காரணம். 4060, 4060 டிஐ, 5060 டிஐ மூன்றும் மதர்போர்டுடன் தரவு பரிமாற எட்டு பாதைகள் (லேன்) மட்டுமே கொண்ட கார்டுகள் என்பதையும் மறக்க வேண்டாம். பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்) பழைய 3.0 வகையாக உள்ள பி450 போன்ற போர்டில் அவற்றின் பரிமாற்ற வேகம் குறையும். விரேமுக்குள் அடங்கும் காட்சியில் அது அதிகம் தெரியாது, நிரம்பி வழியும்போது தெரியும். கேபினெட்டுக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று முன்பக்க ஃபேன் வரை அளந்து பாருங்கள்.

பழைய கார்டு வாங்குவதானால், கடையிலேயே இருபது நிமிடம் ரெண்டர் ஓடவிட்டு ஜிபியூ-இசட்டில் ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரண ஜிபியூ வெப்பத்தைவிட அது மிக அதிகமாக ஏறினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். 24 ஜிபிக்காக 3090 தேடுபவர்கள் மெமரி வெப்பநிலையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அதில் பாதி மெமரி சிப்கள் கார்டின் பின்பக்கம் இருப்பதால் எளிதில் சூடேறும்.

புது கார்டை மாட்டும் முன் பழைய டிரைவரை டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் மூலம் சேஃப் மோடில் நீக்கிவிட்டு, பிறகு என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில் செருகியிருக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புராஜெக்ட் செட்டிங்ஸில் மெர்குரி ஜிபியூ ஆக்சிலரேஷன் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். பிளெண்டரில் இரண்டு இடம் உண்டு: பிரிஃபரன்ஸஸ், சிஸ்டம் பகுதியில் ஆப்டிக்ஸ் கீழ் கார்டை டிக் செய்வது ஒன்று; ரெண்டர் பிராப்பர்டீஸில் டிவைஸை ஜிபியூ கம்ப்யூட் என்று மாற்றுவது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்போது புது கார்டு சும்மா இருக்க, ரெண்டர் பிராசசரிலேயே ஓடும். பழைய கார்டில் குறித்து வைத்த அதே புராஜெக்டை மீண்டும் ஓடவிட்டு நேரத்தை ஒப்பிடுங்கள். எதிர்பார்த்த வித்தியாசம் இல்லையென்றால் கடைக்காரர் மாற்றிக்கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் தெரிந்துவிடும்.