ஃபயர்வாலில் ஏறின வழியே இறங்க முடியாது

ஃபயர்வால் அப்கிரேடுக்கு அனுமதி கேட்டால் மேனேஜர் கேட்கிற முதல் கேள்வி, "சரியா வரலேன்னா பழைய வெர்ஷனுக்கே போயிடலாம்ல?" என்பதுதான். போகலாம். ஆனால் அது வேறு வழி.

காரணம் கான்ஃபிக், அதாவது நாம் பெட்டியில் செய்துவைத்த அமைப்புகள். புது ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) முதல்முறை பூட் ஆகும்போது பழைய கான்ஃபிகைப் படித்துத் தனக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக்கொள்ளும். பழைய ஃபர்ம்வேருக்கோ பின்னால் வந்த கட்டளைகள் தெரியாது. புரியாத வரியை விட்டுவிடும். ஃபோர்ட்டிநெட் நிறுவனத்தின் ஃபயர்வாலான ஃபோர்ட்டிகேட்டில் டவுன்கிரேட் செய்தால் இன்டர்ஃபேஸ் ஐபி, ஸ்டாட்டிக் ரூட், டிஎன்எஸ், அட்மின் கணக்கு போன்ற சிலதுதான் மிஞ்சும், பாலிசிகள் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகள்) போய்விடும் என்று ரிலீஸ் நோட்ஸிலேயே போட்டிருக்கிறார்கள். ஆகவே பழைய இமேஜும் (ஃபர்ம்வேர் ஃபைல்) வேண்டும், அதே வெர்ஷனில் எடுத்த பேக்கப்பும் வேண்டும். அப்கிரேட் முடிந்தபின் எடுத்த பேக்கப் இதற்கு உதவாது.

ஃபோர்ட்டிகேட்டில் இன்னொரு சுலபமான வழி உண்டு. பெட்டியின் உள் நினைவகமான ஃபிளாஷில் இரண்டு பார்ட்டிஷன்கள். புது இமேஜ் ஒன்றில் ஏறும்போது பழைய இமேஜும் அதன் கான்ஃபிகும் மற்றதில் அப்படியே இருக்கும். அடுத்த பூட் எந்தப் பார்ட்டிஷனில் என்று சிஎல்ஐயில் (கட்டளை தட்டும் திரை) மாற்றி ரீபூட் செய்தால் பழைய நிலை வந்துவிடும். பலரும் கவனிக்காதது இதுதான்: அப்கிரேட் பாத்தில் (புது வெர்ஷனுக்குப் போகும் படிவரிசை) இரண்டு, மூன்று இடைப்பட்ட வெர்ஷன்கள் இருந்தால் ஒவ்வொரு படியும் ஒரு பார்ட்டிஷனைத் தின்னும். இரண்டாவது படி முடிந்ததும் நீங்கள் கிளம்பிய வெர்ஷன் பெட்டியில் இருக்காது. இடையில் ஏற்றியதுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும் தனித்தனியாக பேக்கப் எடுத்து, ஃபைல் பெயரிலேயே வெர்ஷன் எண்ணைப் போடுங்கள்.

இன்னொரு நிறுவனமான பாலோ ஆல்ட்டோவின் ஃபயர்வாலில் கதை வேறு. மெயின்டனன்ஸ் வெர்ஷனை ஏற்றுமுன் அந்த வரிசையின் பேஸ் இமேஜை (முதல் வெர்ஷன்) டவுன்லோட் செய்திருக்க வேண்டும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கன்டென்ட் அப்டேட் (ஆபத்துகளை அடையாளம் காணும் தகவல்) பழையதாக இருந்தால் இன்ஸ்டாலே மறுத்துவிடும்.

ரிலீஸ் நோட்ஸை ஏன் முழுக்கப் படிக்க வேண்டும் என்பதற்கு இரண்டே உதாரணம். ஃபோர்ட்டிகேட்டின் ஃபர்ம்வேரான ஃபோர்ட்டிஓஎஸ் 7.4.4 முதல் 2 ஜிபி ரேம் உள்ள மாடல்களில் பிராக்ஸி வசதிகள் (இடையில் நின்று டிராஃபிக்கைச் சோதிப்பவை) கிடையாது. கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்ன ஆபீஸ்களில் வைக்கிற மாதிரியான 40எஃப், 60எஃப் இந்தக் கணக்கில்தான் வரும். 7.6.3ல், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரப் பயன்படும் எஸ்எஸ்எல் விபிஎன் டனல் மோடையே எடுத்துவிட்டார்கள். பழைய அமைப்புகள் ஐபிசெக் என்ற வேறு விபிஎன் முறைக்குத் தானாக மாறாது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்றிவிட்டு வந்தால், சனிக்கிழமை காலை வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் ஒருவரும் உள்ளே வர முடியாது.

எல்லாவற்றையும் அழித்து ரீஇன்ஸ்டால் செய்யத் தேவைப்படுவது இரண்டு இடங்களில். ஃபிளாஷ் கெட்டுப் பெட்டி பூட் ஆகாதபோது. ஊடுருவல் நடந்திருக்குமோ என்று சந்தேகம் வரும்போது. இரண்டாவதில் வெறும் அப்கிரேடை நம்பக் கூடாது. பழைய ஓட்டை வழியாக நுழைந்தவர்கள் வைத்த சிம்பாலிக் லிங்க் (வேறு இடத்து ஃபைல்களுக்கான குறுக்குவழி), பேட்ச் போட்ட பிறகும் பெட்டியில் தங்கியிருந்ததை 2025 ஏப்ரலில் ஃபோர்ட்டிநெட்டே அறிவித்தது.

ஃபோர்ட்டிகேட்டில் ரீஇன்ஸ்டால் செய்ய, லேப்டாப்பைப் பெட்டியோடு நேராக இணைக்கும் கன்சோல் கேபிள் வேண்டும். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிற யூஎஸ்பி கேபிள்களில் போலி சிப் இருந்தால் விண்டோஸ் டிரைவர் ஏற்காது. சிறுசேரி டேட்டா சென்டருக்குக் கேட் பாஸ் வாங்கி உள்ளே போனபிறகு அது தெரிந்து பயனில்லை, ஆபீஸிலேயே சோதித்துவிடுங்கள். வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். பூட் ஆகும்போது ஒரு விசையைத் தட்டினால் மெனு வரும். முதலில் பூட் டிவைஸை ஃபார்மட், பிறகு டிஎஃப்டிபியில் (நெட்வொர்க் வழியே ஃபைல் அனுப்பும் எளிய முறை) இமேஜ். சர்வர் முகவரியாக அது வழக்கமாக எதிர்பார்ப்பது 192.168.1.168, அதை லேப்டாப்புக்குக் கொடுத்து, திரை சொல்கிற போர்ட்டில் கேபிளைச் செருகுங்கள். இமேஜ் நகராமல் நின்றால் பெட்டியைத் திட்டுமுன் லேப்டாப்பின் சொந்த ஃபயர்வால் யூடிபி 69ஐத் தடுக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான். இமேஜின் செக்சமை (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) வெண்டர் தளத்தில் இருப்பதோடு முன்பே ஒப்பிட்டு வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஃபிளாஷ் எழுதும்போது கரன்ட் போனால் இமேஜ் பாதியில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ராத்திரியில் யூபிஎஸ் பேட்டரியைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

பூட் ஆனதும், அதே வெர்ஷனில் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்யுங்கள். ஊடுருவல் சந்தேகம் என்றால் அதற்கு முந்தைய பேக்கப்; இருந்த எல்லாப் பாஸ்வேர்டுகளும் விபிஎன் கீகளும் மாற வேண்டும். அடுத்து சிஎல்ஐயில் 'டயக்னோஸ் டீபக் கான்ஃபிக்-எரர்-லாக் ரீட்' என்ற கட்டளை கொடுத்து, ஏற்காத வரிகள் எவை என்று பாருங்கள். ஆன்டிவைரஸ், ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு) சிக்னேச்சர்கள் புதிதாக இறங்கி முடியும்வரை டிராஃபிக்கைத் திருப்பிவிட வேண்டாம்.