சுங்கை சிப்புட்டிலிருந்து சலமாங்காவுக்கு: ஆறு வாரம் ஸ்பானியம் படித்த கதை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஸ்பானிய மொழி பேசத் தெரிந்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் வேலையால் வந்தது. நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சரக்கில் ஒரு பங்கு மெக்சிகோவுக்கும் சிலிக்கும் போகிறது. மின்னஞ்சல் வந்தால் செயலியில் போட்டு மொழிபெயர்த்துவிடலாம். தொலைபேசியில் ஒருவர் கோபமாகப் பேசினால் என்ன செய்வது? நாலு மாதம் கைப்பேசியிலேயே படித்துப் பார்த்தேன். "ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது" வரை வந்தது. அதற்குமேல் நகரவில்லை.

ஸ்பெயினில் சலமாங்கா என்ற ஊருக்கே போய்ப் படிப்பதென்று முடிவு செய்து, ஆண்டு விடுமுறையையும் சம்பளமில்லாத ஒரு மாத விடுப்பையும் சேர்த்து ஆறு வாரம் வாங்கினேன். விமானம், பள்ளிக் கட்டணம், ஒரு குடும்பத்தோடு தங்கிச் சாப்பிடுவது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 17 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆனது. காடி, அதாவது கார், வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசு. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய என் அம்மா, "ஸ்பெயினா? லண்டன் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஊறுகாய் போட உட்கார்ந்துவிட்டார்.

தாள் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் அங்கே இருக்கலாம். அதற்கு மேல் படிப்பதானால் மாணவர் விசா வேண்டும். மட்ரிட் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி திரும்பும் டிக்கெட்டையும் பள்ளிக் கடிதத்தையும் கேட்டார். இரண்டையும் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்து மேற்கே பேருந்தில் சுமார் இரண்டரை மணி நேரம். சலமாங்கா முழுக்க மஞ்சள் கல்லில் கட்டிய ஊர், சாயங்கால வெயிலில் மஞ்சள் தடவிய மாதிரி இருக்கும். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதன் முகப்பில் ஒரு மண்டை ஓட்டின் மேல் தவளை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நான் தங்கிய வீட்டம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தனியாக இருப்பவர். முதல் நாளே, தன்னை 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்பானியத்திலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு: 'து', 'உஸ்தெத்'. ஆனால் ஸ்பெயினில் 'து' வெகு தாராளமாகப் புழங்குகிறது. அம்மா வயசுக்காரரை நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. 'உஸ்தெத்' என்றால் அவர் முகம் சுருங்கும், 'து' என்றால் என் முகம் சுருங்கும். கடைசி நாள் வரை ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்தே பேசினேன்.

சாப்பாட்டு மேசையில் வேறொரு சங்கடம். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. அதுவரை தாங்குவதே பெரும்பாடு. அவர் கரண்டியோடு நின்று "மாஸ்?" என்பார், இன்னும் வேண்டுமா என்று. நான் வாய் நிறைய உருளைக்கிழங்கு முட்டைப்பொரியலை வைத்துக்கொண்டு, நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். அவர் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று இரவு அரை வயிற்றோடு படுத்து, அம்மாவின் ஊறுகாயை விரலால் தொட்டு நக்கிக்கொண்டேன். நாலாவது நாள்தான் உறைத்தது, என் 'சரி' அவர் கண்ணுக்கு 'வேண்டாம்' என்று. அன்றைக்கு வாயைத் திறந்து "சீ" என்றேன், ஸ்பானியத்தில் 'ஆமாம்'. இரண்டு முறை போட்டார்.

இனி வகுப்பு. திங்கள்கிழமை காலை ஒரு தேர்வு வைத்துப் பிரிப்பார்கள். தினமும் நான்கு பாடம். என்னோடு ஒரு ஜப்பானியர், இரண்டு ஜெர்மானியர், மூன்று அமெரிக்கர், ஒரு பிரேசில் பையன். முதல் வாரம் நான்தான் கடைசி. இரண்டாம் வாரம் 'மெ குஸ்தா' பாடம் வந்தது. 'மெ குஸ்தா எல் கஃபே' என்றால் காப்பி பிடிக்கும் என்று பொருள். அமெரிக்கர்கள் திணறினார்கள். காப்பியை விரும்புவது நான், அப்படியிருக்க வாக்கியத்தில் காப்பி ஏன் எழுவாயாக நிற்கிறது என்று அரை மணி நேரம் விவாதம். எனக்கோ சிரிப்பு. எனக்குக் காப்பி பிடிக்கும், அவ்வளவுதானே! 'மெ துவெலெ லா கபேத்தா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழ்.

அதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஆங்கிலத்தில் கட்டி, அங்கிருந்து ஸ்பானியத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். பள்ளியில் பழகிய பழக்கம், 'வெளிநாட்டு மொழி என்றால் ஆங்கிலம் வழியாக' என்று. அன்றைக்கு அதை விட்டேன். 'இரு' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினை இருக்கிறதே, எல்லாரையும் அழவைப்பது, அதற்கும் தமிழ்தான் வழி காட்டியது. 'நான் மலேசியக்காரி' என்று வினையே இல்லாமல் முடிகிற இடத்தில் பெரும்பாலும் 'செர்'. 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்று 'இரு' வருகிற இடத்தில் பெரும்பாலும் 'எஸ்தார்'. எல்லா இடத்திலும் பொருந்தாது, 'உயரமாக இருக்கிறான்' என்றால் 'செர்'தான். ஆனாலும் பத்தில் ஏழு சரியாக வந்தது. ஆசிரியை தலையில் ஒரு வளைவு போட்ட 'ன' எழுத்தைக் காட்டி உச்சரிப்பு விளக்கினார், பார்த்தால் நம் ஞாயிற்றுக்கிழமை ஞ. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. அந்த அழுத்தமான ர வந்ததும், கரி, கறி என்று பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்த தமிழ்ப்பள்ளி வாத்தியாரை நினைத்துக்கொண்டேன்.

மேசைக்கு ஸ்பானியத்தில் 'மெசா'. செருப்புக்கடையில் 'தபாத்தோ' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அட, நம்ம சப்பாத்து என்று நின்றுவிட்டேன். பிரேசில் பையன்தான் விளக்கினான்: இவை போர்ச்சுகீசியர் கப்பலில் நம் பக்கம் வந்த சொற்கள், ஸ்பானியம் அதன் உடன்பிறப்பு. அவனோடு ஒரு சண்டையும் உண்டு. ஊர்ப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னபோது நான் 'காவுச்சோ', அதாவது ரப்பர், பற்றிப் பேசினேன். 1877-ல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றேன். "விதை எங்கள் நாட்டிலிருந்து போனது, மரத்தைத் திருப்பிக் கொடு" என்றான்.

குறையும் சொல்ல வேண்டும். மணி அடித்து வெளியே வந்தால் நடைவழி முழுக்க ஆங்கிலம்தான். 'முழுக்க ஸ்பானியச் சூழல்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது வகுப்புக் கதவுவரைதான். மாணவர்கள் சேர்ந்து தங்கும் வீட்டை எடுத்தவர்கள் ஆறு வாரம் கழித்தும் கடையில் விரலைக் காட்டித்தான் ரொட்டி வாங்கினார்கள். போகிறவர்கள் குடும்பத்தோடு தங்குங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இன்னொன்று, 'வொசோத்ரோஸ்' என்ற 'நீங்கள் எல்லாரும்' வடிவத்தை ஸ்பெயினில் மாய்ந்து மாய்ந்து படித்தேன். மெக்சிகோவில் அதைப் பேச்சில் யாரும் புழங்குவதில்லை. லத்தீன் அமெரிக்காவோடு வேலை இருப்பவர்கள் அந்தப் பக்கமே போய்ப் படிப்பதையும் யோசிக்கலாம்.

மூன்றாம் வாரம் மூளை அப்படியே நின்றுவிட்டது. ஒரு சொல்லும் ஏறவில்லை. அறையில் அழுதேன், வீட்டம்மா ஒன்றும் கேட்காமல் பருப்புச் சூப் வைத்துவிட்டுப் போனார். ஐந்தாம் வாரம் அவர் தொலைக்காட்சியைத் திட்டியது எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்து இருபது நாள் இருக்கும். இரவு பத்து மணி, மெக்சிகோவில் காலை எட்டு. வாடிக்கையாளர் நேராக வீட்டுக்கே அழைத்துவிட்டார். நல்ல கோபம். பாதி புரிந்தது, மீதியை மெதுவாகச் சொல்லும்படி 'உஸ்தெத்' போட்டுக் கேட்டு வாங்கினேன். பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். வைத்ததும் அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"என்னாவாம்?"

"கையுறை போடுறப்பவே கிழியுதாம்மா."

"நம்ம மரத்துப் பாலா?"

"இல்லம்மா, நைட்ரைல். பெட்ரோலிய எண்ணெயிலேர்ந்து எடுக்கிறது."

"பின்ன கிழியாம என்ன செய்யும்," என்று சத்தத்தை மறுபடி கூட்டிவிட்டார்.